இரண்டு பெயரில் மூன்று பேர் நிலம்

போன தடவை புகைமூட்டம் வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அந்த வருடம். சிரம்பானில் எதிர்க்கடைப் பலகைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊரே முகமூடி போட்டுக்கொண்டு நடந்தது. எனக்கு அதைப் போட்டால் மூச்சு முட்டும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், அதற்கும் வீட்டில் ஏச்சு. அந்த வாரத்தில்தான் லாபு நிலத்துக்காரர்களை எங்கள் லாயர் ஆபீஸில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தோம். நான் வேலையை விட்டது அதற்கு அடுத்த வருடம்.

இதை நான் எழுதவில்லை. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் இளைய மகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் ஆபீஸ் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று திருத்தித் திருத்தி எழுதுகிறாள். நடுநடுவே, "ஒரு விஷயத்த எடுத்தா அதையே சொல்லுங்களேன்பா, ஏன் ஊரச் சுத்துறீங்க" என்கிறாள். சுற்றாமல் எனக்குச் சொல்லத் தெரியாது.

கேட்டது அந்த ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள். நில அலுவலக விசாரணையைக் கம்ப்யூட்டர் வழியாகவே நடத்தலாம், மலாய் தெரியாத கிழவன் கிழவிக்கு ஆபீஸில் உட்கார்ந்தபடி ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னால் போதும் என்று ஏதோ வந்திருக்கிறதாம். "அங்கிள், நீங்கதான் நாப்பது வருஷம் இந்த வேலைய செஞ்சீங்க. எப்படிலா செஞ்சீங்க, சொல்லுங்க" என்றார்கள். சொல்கிறேன். நான் செய்தது பெருமைக்குரிய வேலை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டு முடித்த பிறகு என்ன நினைப்பார்களோ தெரியாது.

என் படிப்பு இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் பால்வாளியைத் தூக்கினேன். பிறகு சிரம்பானுக்கு வந்து லாயர் பொன்னையாவின் ஆபீஸில் கூட்டிப் பெருக்கினேன். ஒரு மாதத்தில் சாவி என் கையில் இருந்தது. ஒரு வருடத்தில் மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். லாபு, ரெம்பாவ், அதைச் சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லாவற்றிலும் எந்த லயத்து வீட்டில் யார் இருக்கிறார், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். மலாய் நன்றாக வரும், கடைச் சீனம் சமாளிப்பேன். அதனால் கடிதம் கொடுக்கப் போனவன், ஆளைக் கூட்டி வருபவன் ஆனேன். அதன்பிறகு நில அலுவலகத்தில் அவர்கள் பேசுவதை மலாயில் சொல்பவனும் ஆனேன். எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாததால் எல்லாம் மண்டையில்தான். எவர் எந்த நாளில் என்ன சொன்னார், எந்தப் பக்கம் திரும்பி நின்று சொன்னார் என்பது வரைக்கும் இருக்கும். அதுதான் என் கூலி, அதுதான் என் தலைவலி.

நாற்பது வருடமும் பங்காளிச் சண்டை. ஒரே நிலத்தில் இரண்டு பேர், நான்கு பேர், சில சமயம் பதினோரு பேர் பெயர் இருக்கும். விற்கும் வரைக்கும் ஒற்றுமையாக இருப்பார்கள், நாய் பன்றி புகுந்தால் சேர்ந்து விரட்டுவார்கள். பணம் வந்துவிட்டது என்று நான் போய்ச் சொன்ன மறுநாள் ஒருவன் மட்டும் தனியாக ஆபீஸ் மாடி ஏறி வருவான்.

பணத்துக்குச் சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. ரெம்பாவில் இரண்டு அண்ணன் தம்பிகள், சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள், கடைவீட்டை ஒரு சீனருக்கு விற்றார்கள். பணத்தைப் பத்து நிமிடத்தில் பிரித்துக்கொண்டார்கள். ரொட்டி போடுகிற இரும்புக் கல் யாருக்கு என்பதில்தான் நின்றுவிட்டது. "வாப்பா மௌத்தாகுறதுக்கு மொத நாளு எங்கையிலதான் கரண்டியக் குடுத்தாங்க" என்றார் தம்பி. "கரண்டியத்தானே குடுத்தாங்க, கல்லக் குடுத்தாங்களா" என்றார் அண்ணன். எட்டு மாதம். நான் மோட்டாரில் எட்டு மாதம் ரெம்பாவுக்குப் போய் வந்தேன். கடைசியில் லாயர் கேட்டார், "அந்தக் கல்லுக்குக் கெரான் இருக்கோ?" கெரான் என்றால் நிலத்துப் பத்திரம். இல்லை என்றார்கள். "அப்ப அது எனக்கு விளங்காத சாமான். வெளியாலை போய்க் கதையுங்கோ" என்றார். இவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அந்தச் சீனர் கல்லைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார். அதற்கும் என்னைத்தான் ஏசினார்கள்.

லாயர் பொன்னையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர் பிள்ளை, இங்கேயே பிறந்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழம். நான் இருந்த இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசையில் இருக்கும் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் பார்த்து அடுக்குவார். அடுக்க ஆரம்பித்தார் என்றால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவுவோம்.

பங்காளிகள் வந்தால் அவருக்கு ஒரு முறை இருந்தது. அறையில் அவர் நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி கிடையாது. சுவரோரம் நீளமாக ஒரு மர பெஞ்ச். பேசாதவர்கள், முகம் பார்க்காதவர்கள், வழக்குப் போட்டவர்கள் எல்லாரும் அதில்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் வரவில்லை என்றாலும் வாயைத் திறக்க மாட்டார். எல்லாரும் உட்கார்ந்த பிறகு பத்திரத்தைப் படிப்பார், நான் தோட்டத்துப் பேச்சில் சொல்வேன். உடனே கையெழுத்து வாங்க மாட்டார். ஒவ்வொருவராக, "உமக்கு என்ன விளங்கினது? உம்மடை வாயாலை சொல்லும்" என்று கேட்பார். அவர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. மூன்று மணி நேரம் ஆகும். எனக்குக் கால் கடுக்கும்.

பிறகு கைநாட்டு. இதில் ஒரு தொல்லை, பால்மரம் சீவினவர்களுக்குப் பெருவிரல் ரேகை தேய்ந்து போயிருக்கும். மையில் தோய்த்து வைத்தால் கறுப்பாக ஒரு வட்டம்தான் விழும். வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நகத்தின் இந்த ஓரத்தில் வைத்து அந்த ஓரத்துக்கு உருட்ட வேண்டும். ஒருமுறைதான் உருட்டலாம், திரும்பி வந்தால் ரேகை கலைந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது ஆபீஸில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறதாம், அதில் விரலை வைத்தால் போதுமாம். நல்லது.

இனி லாபு நிலம்.

ஒரு பெரிய தோட்டத்தை வெள்ளைக்காரன் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலத்தில் மூன்று பால்வெட்டுத் தொழிலாளிகள் சேர்ந்து ஐந்து ஏக்கர் வாங்கினார்கள். மாரிமுத்து, ஆறுமுகம், சின்னத்தம்பி. மூன்று பேரும் சமமாகப் போட்டார்கள், பெண்சாதிகளின் தாலிக்கொடி வரைக்கும் போட்டார்கள். ஆனால் கெரானில் இரண்டு பெயர்தான். மாரிமுத்துவுக்குப் பாதி, ஆறுமுகத்துக்குப் பாதி.

சின்னத்தம்பிக்குச் சிவப்பு ஐசி, சிவப்பு அடையாள அட்டை. அதாவது குடியுரிமை இல்லை. அந்த நேரத்தில் சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வேலை பெர்மிட் இல்லை என்று சொல்லி, தோட்டம் தோட்டமாக ஆட்கள் ஊருக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெயரைப் போட்டால் ஆபீஸில் கண்ணில் படும், பட்டால் அனுப்பிவிடுவார்கள், நிலமும் போய்விடும் என்று பயந்தார்கள். சட்டம் அப்படி இருந்ததா என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். நீல ஐசி வைத்திருந்த இருவர் பெயரை மட்டும் போட்டுவிட்டு, மூவரும் மர நிரையைப் பிரித்துக்கொண்டார்கள். மேட்டு நிரை ஒருவருக்கு, நடு நிரை ஒருவருக்கு, ஓடையோர நிரை சின்னத்தம்பிக்கு. அவரவர் மரத்தை அவரவர் சீவி, ரப்பர் ஷீட்டை அவரவர் விற்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு தகராறும் இல்லை. தகராறு இல்லாததால்தான் ஒரு காகிதமும் இல்லை.

சின்னத்தம்பி செத்தார். பிள்ளைகள் இல்லை. பெண்சாதி பாக்கியம் ஓடையோரத்தில் பலகை வீட்டில் இருந்துகொண்டு நிரையைத் தானே சீவினார். அவருக்கும் சிவப்பு ஐசிதான். பிறகு மாரிமுத்து செத்தார். அவர் பாதியை வாரிசுகளுக்கு மாற்ற அவர் பெண்சாதி அஞ்சலை எங்கள் ஆபீஸுக்கு வந்தார். என் மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருடம். அந்த நில அலுவலக விசாரணைக்கு மொழிபெயர்க்க நான் போனேன். அதில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன், இப்போதே சொன்னால் என் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

புகைமூட்ட வருடத்துக்கு வருவோம். அஞ்சலையும் போய்ச் சேர்ந்துவிட்டார். மாரிமுத்துவின் பாதி அவருடைய மகன் தேவன், மகள் லெட்சுமி இருவர் பெயரிலும் இருந்தது. ஆறுமுகம் மட்டும் உயிரோடு, எண்பதைத் தாண்டியவர். ஒரு தொழிற்சாலைக் கம்பெனி ஐந்து ஏக்கரையும் வாங்கியது. பணம் எங்கள் ஆபீஸ் கணக்குக்கு வந்துவிட்டது. ஆனால் நிலத்தைக் காலியாகக் கொடுத்தால்தான் பணத்தை விடலாம் என்று ஒப்பந்தம். ஓடையோரத்தில் பாக்கியம் இருந்தார். தேவன் பத்தாயிரம் தருகிறேன், வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று ஆள் அனுப்பினார். பாக்கியம், "எம் புருசன் பங்கு மூணுல ஒண்ணு. அதக் குடுங்க, நாளைக்கே போயிர்றேன்" என்று சொல்லி அனுப்பினார். எழுபத்தொன்பது வயது. போக்கிடம் என்று ஒன்றும் இல்லை. அந்தப் பங்கு வந்தால் ஒரு சின்ன வீடு, வராவிட்டால் தங்கச்சி மகன் வீட்டு முன்கூடத்தில் ஒரு பாய்.

லாயர் எல்லாரையும் பெஞ்சுக்கு அழைத்தார். நான் போய்க் கூட்டி வந்தேன்.

ஆறுமுகம் ஒரு முனையில், தடியை மடியில் வைத்துக்கொண்டு. அவர் பிள்ளைகள் இருவர் கீழே காரில் இருந்தார்கள். பக்கத்தில் பாக்கியம், புகைக்கு இருமிக்கொண்டு. அடுத்து லெட்சுமி, கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலை பார்த்தவர். கடைசியில் தேவன், இரண்டு லாரி வைத்து ஓட்டுபவர், இரண்டுக்கும் கடன்.

"ஆறுமுகம், நீர் சொல்லும். இந்தக் காணியை எத்தினை பேர் வாங்கினது?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்கய்யா. வயசாயிருச்சு."

"ஏண்ணே, நீங்களும் அவரும் ஒண்ணாத்தான ஷீட்டு வாங்குற சீனத் தவுக்கே கடைக்குத் தூக்கிட்டுப் போவீங்க" என்றார் பாக்கியம்.

"எந்தத் தவுக்கே? ஓ, அந்த ஆ சோங்கா. அவன்கிட்ட ஒரு நாயி இருந்துச்சு, ஜிம்மின்னு பேரு. ஒத்தக் கண்ணு. எடைக்கல்லுக்குப் பக்கத்துலதான் படுத்துக்கெடக்கும்."

"நாயி பேரு ஞாபகம் இருக்கு. எம் புருசன் ஞாபகம் இல்லையாண்ணே."

ஆறுமுகம் தடியைத் தடவினார். அவர் கண் கீழே, காரில் இருந்தவர்கள் பக்கம் போய் வந்தது.

தேவன் கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "லாயர், எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. பாக்கியம் அத்தய சின்ன வயசுலேந்து தெரியும். ஆனா கெரான் என்ன சொல்லுது? ரெண்டு பேரு. எங்கம்மா சாகுற வரைக்கும் இப்படி ஒரு பங்கு இருக்குன்னு எங்கிட்ட சொன்னதே இல்ல. அப்படி இருந்திருந்தா லேண்ட் ஆபீஸ்ல வெசாரிச்சப்பவே சொல்லியிருப்பாங்கள்ல? அங்க அந்த ஆபீஸர் துவான் எல்லாருகிட்டயும் கேட்டாரு. ஒரு ஆட்சேபமும் இல்லன்னுதான் எழுதியிருக்கு. பேப்பர் எங்கிட்ட இருக்கு, பாருங்க."

அந்தக் காகிதத்தை நீட்டினார். லாயர் வாங்கிப் படித்தார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை. எங்கள் எண்ணைக் கூப்பிடும்போதே பன்னிரண்டு மணி. அதிகாரி சின்னப் பையன் மாதிரி ஒரு மலாய்க்காரர், மரியாதையானவர், தொழுகைக்குக் கிளம்ப வேண்டும், அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். தள்ளி வைத்தால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான். தேவன் லாரியை மாற்றி நிறுத்தக் கீழே போயிருந்தார். லெட்சுமி அம்மாவின் பக்கத்தில் நின்றார். பாதியை வாரிசுகளுக்கு எழுதுகிறேன், சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அஞ்சலை சொன்னார்:

"தம்பி, பாதி எங்களுக்குன்னு எழுதுறது சரியில்ல. சின்னத்தம்பி அண்ணன் பங்கும் இதுக்குள்ளதான் கெடக்கு. மூணு பேரு வாங்குனது. அந்தத் துவான்கிட்டச் சொல்லு."

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார்.

"தாடா அப்பா-அப்பா, துவான்" என்றேன். ஒன்றுமில்லை ஐயா.

அஞ்சலையிடம் திரும்பி, "அக்கா, இங்க கெரான்ல உள்ளதத்தான் எழுதுவாங்க. அதெல்லாம் நீங்க வீட்டுல பேசித் தீத்துக்குங்க" என்றேன். அவர் தலையாட்டினார். படித்தவன் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். பன்னிரண்டே காலுக்கு முன்னால் முத்திரை விழுந்தது. அதிகாரி எனக்கு நன்றி சொன்னார். வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தேன் என்று எனக்கே ஒரு திருப்தி. திரும்பும் வழியில் வாழைப்பழப் பலகாரம் வாங்கித் தின்றேன். அதுகூட ஞாபகம் இருக்கிறது. லாயரிடம், முடிந்தது என்று மட்டும் சொன்னேன்.

பங்காளிகள் பொய் சொல்கிறார்கள், மறைக்கிறார்கள் என்று வீட்டில் வந்து இத்தனை வருடம் புலம்பியிருக்கிறேன். மறைத்தது நான்.

லாயர் காகிதத்தைப் படித்து முடித்தார். "மொழிபெயர்த்தது ராமையா எண்டு போட்டிருக்கு" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

சொன்னேன். வெள்ளிக்கிழமை, கடிகாரம், அஞ்சலை அக்கா நின்ற இடம், அவர் சொன்ன வார்த்தை, நான் சொன்ன இரண்டு வார்த்தை. முடித்ததும் லாயர் மேசையில் இருந்த காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். நான் வந்த நாளிலிருந்து அவ்வளவு நேரம் அவர் அடுக்கிப் பார்த்ததில்லை.

"இதை நீர் அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்க வேணும்."

"ஆமாங்கய்யா."

"ஏன் சொல்லேல்லை?"

"பெரிசா நெனைக்கலைங்கய்யா."

தேவன் எழுந்துவிட்டார். "அத்தகிட்ட எவ்வளவு வாங்குனீங்கண்ணே? இத்தன வருஷம் இல்லாம இன்னிக்கு மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சு?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஞாபகம் இன்று வரவில்லை, எப்போதும் இருந்தது என்று சொன்னால் அது இன்னும் கேவலம்.

"தேவன், இரும்" என்றார் லாயர். பிறகு என்னிடம், "ராமையா, நீரும் அந்த பெஞ்சிலை போய் இரும்."

நாற்பது வருடம் எத்தனையோ பேரை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தவன் நான். துடைத்திருக்கிறேன், மூட்டைப்பூச்சிக்கு வெயிலில் போட்டிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. பாக்கியம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். லாயர் நான் சொன்னதை மலாயில் எழுதி, சத்தியப் பத்திரமாக்கி, எல்லாரிடமும் படித்துக் காட்டினார். பிறகு மற்றவர்களிடம் கேட்கிற மாதிரியே என்னிடம் கேட்டார்.

"உமக்கு என்ன விளங்கினது? உம்மடை வாயாலை சொல்லும்."

"அந்தம்மா சொன்னத நான் சொல்லல. அதுதான் விளங்குதுங்கய்யா."

எனக்குப் பெயர் எழுத வரும், கோணலாக. அவர் மைப்பெட்டியைத் தள்ளினார். கைநாட்டு வைத்தேன். ஊருக்கே விரல் உருட்டக் கற்றுக் கொடுத்தவன், அன்று விரலைத் திருப்பி உருட்டி ரேகையைக் கலைத்துவிட்டேன். மறுபடி வைக்க வேண்டியதாயிற்று.

நான் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லெட்சுமி பேசினார். "நானும் கேட்டேன் லாயர். அம்மா சொன்னது எங்காதுல விழுந்துச்சு. இவரு சொல்லிட்டாருன்னு நெனச்சேன். அந்தத் துவான்தான் வேணாம்னுட்டாருன்னு நெனச்சேன். எனக்கு அப்ப மலாய் அவ்வளவா வராது." அண்ணனைப் பார்த்து, "அண்ணே, அம்மா சொன்னாங்கண்ணே" என்றார்.

"நீ இத்தன நாளு ஏன் வாயத் தொறக்கல?"

"நீ கேட்டியா?"

ஆறுமுகம் தடியை ஊன்றி முன்னால் சாய்ந்தார். "எழுதுங்கய்யா. மூணு பேருதான். அவன ஊருக்கு அனுப்பிருவானுங்கன்னு பயந்துதான் பேரு போடல. நான்தான் போட வேணாம்னேன். கீழ இருக்கானுங்களே எம் பசங்க, ஞாபகம் இல்லன்னு சொல்லச் சொன்னானுங்க. சோறு போடுறவனுங்க. நான் என்ன செய்யட்டும்."

"எம் பேச்சுக்கு அந்த ஜிம்மி நாயிதான் வந்து சாச்சி சொல்லணும்னு நெனச்சேன்" என்றார் பாக்கியம். யாருக்குச் சிரிப்பு வந்தது என்று சொல்ல மாட்டேன். லாயர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தேவன் ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டப்படி நான் குடுக்கணுமா லாயர்? அத மட்டும் சொல்லுங்க" என்றார். வழக்குப் போட்டால் பாக்கியம் பக்கம் நியாயம் இருக்கிறது, கெரானில் பெயர் இல்லாவிட்டாலும் கோர்ட்டு கேட்கும், ஆனால் எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் லாயர். தன் ஆபீஸ் ஆளே இதில் சாட்சி என்பதால், வேறு லாயரை வைத்துக்கொள்ளும்படி பாக்கியத்திடம் சொன்னார். தேவனிடமும் சொன்னார். எழுபத்தொன்பது வயதில் பாக்கியத்துக்கு வருடக்கணக்கு ஏது. தேவனுக்கு லாரிக் கடன், மாதம் பிறந்தால் பேங்க் ஆள் வாசலில். அவர் கெட்டவர் இல்லை. நில அலுவலகக் காகிதத்தில் ஆட்சேபம் இல்லை என்று இருக்கிறது, அவர் அதன் மேல் நிற்கிறார். அந்தக் காகிதத்தில் அப்படி இருப்பதற்கு நான்தான் காரணம்.

ஆறுமுகம் தன் பாதியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தார். அதற்குக் காரில் இருந்த பிள்ளைகள் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லையாம். லெட்சுமி தன் கால் பங்கில் மூன்றில் ஒன்றைக் கொடுத்தார். தேவன் கொடுக்கவில்லை. மூன்றில் ஒன்று வர வேண்டிய பாக்கியத்துக்கு நான்கில் ஒன்று வந்தது. அவர் தலையசைத்து, சரி போதும் என்று பெருவிரலை நீட்டினார். ரேகையே இல்லாத விரல். மூன்று முறை வெந்நீரில் ஊறவைத்தேன்.

வீடு வாங்கும்போது மறுபடி அதே கதை. சிவப்பு ஐசிக்கு வீடு வாங்க மாநில அனுமதி வேண்டும், அது எப்போது வருமோ. "தங்கச்சி மவன் குமாரு பேருல போட்டுருங்க தம்பி, அவன் நல்ல பையன்" என்றார் பாக்கியம், கடையில் வெற்றிலை வாங்கச் சொல்கிற மாதிரி. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேனும்கூட.

"இத்தன பட்டும் ஒங்களுக்குப் புத்தி வரலியா? சின்னத்தம்பி அண்ணனும் இதத்தான செஞ்சாரு."

"அவரு கூட்டாளிங்க மோசம் போகல. ஆறுமுகம் அண்ணன் கடேசியில சொல்லிட்டாருல்ல."

"கடேசியில சொல்லி என்னா பிரயோசனம்?"

"அத நீ சொல்றியா தம்பி."

ஆனாலும் நான் விடவில்லை. குமாரையும் பாக்கியத்தையும் அதே பெஞ்சில் உட்கார வைத்து, பணம் பாக்கியத்தினுடையது, அவர் சாகும் வரைக்கும் அந்த வீட்டில் இருப்பார், அதுவரை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று லாயர் எழுதினார். குமாருக்கு முகம் சுருங்கியது. "பெரியம்மாவ நான் தொரத்திருவேனா அண்ணே" என்றான். "நீ தொரத்த மாட்ட. நாளைக்கு ஒம் பொண்டாட்டி, ஒம் பிள்ள, பேங்கு, எவன் வருவான்னு யாருக்குத் தெரியும். கையெழுத்துப் போடு" என்றேன். போட்டான்.

லாபுவிலேயே, மெயின் ரோட்டோரம், இரண்டு அறை வீடு. சாவி கொடுக்க நான்தான் போனேன். புகையெல்லாம் போய் மழை பிடித்திருந்தது. பாக்கியம் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் கொஞ்சம் மண் இருந்தால் கீரை போடலாம், எல்லாம் சிமெண்டாக இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அஞ்சல சொன்ன அன்னிக்கே நீ சொல்லியிருந்தா மூணுல ஒண்ணு. இப்ப நாலுல ஒண்ணு. அந்த நடுவுல கொறஞ்சது ஓங் கணக்கு. தேவன நான் கேக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். பிறகு டீயும் போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

லாயரிடம், நான் அந்தக் குறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டட்டுமா என்று கேட்டேன். "உம்மடை சம்பளத்திலை நூறு வருசம் எடுக்கும்" என்றார். அடுத்த வருடம் நான் வேலையை விட்டேன். அவரும் இப்போது இல்லை. பாக்கியம் இருக்கிறார், எண்பத்தைந்து ஆகிறது. நான் மாதம் ஒருமுறை அரிசி, சீனி வாங்கிக்கொண்டு போகிறேன். வாங்கிக்கொள்வார். அதை எதிலும் கழித்துக்கொள்வதாக இதுவரை சொன்னதில்லை.

ஆபீஸ் பிள்ளைகளே, கம்ப்யூட்டரில் பேசுங்கள், எதில் வேண்டுமானாலும் பேசுங்கள். ஒரு கிழவி சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிற மாதிரி இருக்கும். நேரம் ஆகியிருக்கும், அதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். வேண்டாம் என்று தள்ளுவது அவர் வேலை, நம் வேலை இல்லை. இதை உங்களுக்கு அடுத்து அந்த வேலைக்கு வருகிறவருக்கும் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் பெயரில் நிலம் போட்டு வைத்திருக்கிறவர்கள் உங்கள் சொந்தத்தில் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். ராமையா என்று பெயரையும் சொல்லுங்கள், பரவாயில்லை.